வங்கி கவிழ்ந்தது, வக்கீல் ஃபீஸ் பாக்கி: கேள்வி-பதில்

அமெரிக்காவில் என் கட்சிக்காரரான வங்கியை எஃப்.டி.ஐ.சி. (வங்கி டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனம்) எடுத்துக்கொண்டது. பாக்கி வரும்வரை கேஸ் கட்டுகளைத் தராமல் இருக்கலாமா?

அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் கேஸ் கட்டை நிறுத்திவைக்கவே முடியாது. வேறு பல மாநிலங்களில் லீயன், அதாவது ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டின்மேலோ வசூலான பணத்தின்மேலோ வக்கீலுக்குள்ள பிடிப்புரிமை, உண்டு. ஆனால் உரிமை இருக்கிறதே என்று பூட்டிவைப்பது புத்திசாலித்தனமல்ல. கெடு நெருங்கிய கடன் வழக்கு ஒன்று அந்தக் கட்டுகளுக்குள் இருந்தால் பழி உங்கள் மேல்தான் வரும்.

எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கொடுங்கள். வழக்கு எண், பெட்டி எண், வழக்குவாரியான பாக்கி, ‘கட்டு கைமாறினாலும் லீயன் தொடரும்’ என்ற வரி, ரிசீவர் (கவிழ்ந்த வங்கியின் சொத்தையும் கடனையும் தீர்க்கும் பொறுப்பில் உள்ள எஃப்.டி.ஐ.சி.) தரப்புக் கையெழுத்து, எல்லாம் வேண்டும். பலர் கோட்டைவிடுவது அந்தக் கையெழுத்தில்தான். கட்டு கையில் இருக்கும்வரைதான் இந்த லீயனுக்கு உயிர்; நீங்களாக எழுதி அனுப்பிய கடிதம் மட்டும் அதைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

லீயன் இருக்கும்போது, பாக்கியைக் கேட்டு ரிசீவரிடம் தனியாகக் கோரிக்கை மனு எதற்கு?

கட்டாயம் வேண்டும். மனு தரச் சொல்லி ரிசீவரின் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து குறைந்தது 90 நாள் அவகாசம் தருவார்கள். கடைசித் தேதி அறிவிப்பிலேயே இருக்கும். மனுவோடு ஒப்பந்தக் கடிதம், பில்கள், லீயனுக்கு ஆதாரமான சட்டப்பிரிவு, எந்தச் சொத்தின்மேல் லீயன் என்ற விவரம் ஆகியவற்றை வையுங்கள்.

முடிவெடுக்க ரிசீவருக்கு 180 நாள். நிராகரித்தால் 60 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். பதிலே வராவிட்டாலும், அவகாசத்தை நீட்டிக்க எழுத்தில் ஒப்புக்கொள்ளாத வரை, 180 நாள் முடிந்ததும் அந்த 60 நாள் ஓட ஆரம்பித்துவிடும். பதிலுக்காகக் காத்திருந்தே உரிமையை இழந்தவர்கள் உண்டு.

வங்கியை எடுத்துக்கொண்டதாலேயே லீயன் செத்துவிடுமா?

இல்லை. முன்பே முறைப்படி உருவானது நிற்கும். திவாலாகப் போகிறது என்று தெரிந்து அவசரமாக எழுதி வாங்கியதை ரிசீவர் ரத்துசெய்யலாம். எடுத்துக்கொண்ட பிறகு ரிசீவர் வசமுள்ள சொத்தில் அவர்கள் சம்மதமில்லாமல் புது லீயன் ஒட்டாது.

முழுத்தொகையும் கிடைக்குமா?

லீயன் பிடித்திருக்கும் சொத்தின் மதிப்பு வரைதான். உதாரணமாக, பாக்கி 40,000 டாலர், நீங்கள் நடத்திய வழக்கில் வசூலானது 25,000 என்றால், மீதி 15,000 சாதாரணக் கடன்; டெபாசிட்தாரர்களுக்குப் பின்னால்தான் வரிசை. வெறும் காகிதக் கட்டின்மேல் உள்ள லீயன் இன்னும் பலவீனம். அந்தக் காகிதத்துக்கு என்ன விலை என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சமரசப் பணம் என் டிரஸ்ட் கணக்கில் (கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைக்கும் கணக்கு) கிடக்கிறது. ஃபீஸைக் கழித்துக்கொள்ளலாமா?

கூடாது. தகராறான தொகையை அங்கேயே விட்டுவிட்டு ரிசீவருக்கு எழுதுங்கள்.

என்.சி.யு.ஏ. (கிரெடிட் யூனியன்களை மேற்பார்க்கும் அரசு அமைப்பு) கன்சர்வேட்டராக, அதாவது தற்காலிக நிர்வாகியாக, வந்த கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களே உரிமையாளர்களான கூட்டுறவு நிதி நிறுவனம்) என்றால்?

அங்கே நிறுவனம் நடந்துகொண்டிருக்கிறது. பில்லைக் கன்சர்வேட்டரிடமே கொடுங்கள். இனி செய்யும் வேலைக்குப் புதிதாக எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கலைப்புக்குப் போனால் மேலே சொன்னதுபோன்ற கோரிக்கை மனு நடைமுறை தொடங்கும்.