பீலிக்கரைக்கு வந்தது யார்?

அன்புள்ள ஐயா,

நான் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். ஹோட்டன் சமவெளிக்கு மூன்று தடவைகள் கேமராவுடன் போய், மரைகளைத் தவிர வேறெதையும் படம் பிடிக்காமல் திரும்பியவள். சென்ற வாரம் விடியற்காலை ஆறு மணியளவில் முகம் கழுவப் பின்கதவைத் திறந்தபோது, தண்ணீர்ப் பீலிக்குக் கீழேயுள்ள கானில் (வடிகாலில்) ஒரு விலங்கு முன்காலைத் தண்ணீருக்குள் விட்டபடி நின்றது. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். சாம்பல் நிற உடம்பில் கறுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. நெற்றியில் கோடுகளும் தெரிந்தன. இருபது விநாடி அளவுக்கு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் கேமராவை எடுக்க உள்ளே ஓடினேன். அது அலுமாரியில் இருந்தது. சாவியைத் தேடித் திறந்து எடுத்து வருவதற்குள் கானில் தண்ணீர் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் அது புலிக்குட்டிதான் என்கிறார். லயத்து வீடுகள் முழுவதும் இப்போது அதே பேச்சு. மகனோ, படம் இல்லாததால், நான் பார்த்தது யார் வீட்டுப் பூனையோ என்று சிரிக்கிறான். காடு தேடிப் போயும் கிடைக்காதது வாசலுக்கே வந்தும் தவறிப்போய்விட்டதே என்ற ஏக்கம் இன்னும் ஆறவில்லை. அந்த இருபது விநாடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்கு வருமுன், உங்கள் வீட்டு வழக்கைத் தீர்த்துவைக்க விரும்புகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், வந்தது புலிக்குட்டியும் அல்ல, வீட்டுப் பூனையும் அல்ல. அது மீன்பிடிப் பூனையாகவே இருக்க வேண்டும். சிறுத்தைக் குட்டியின் உடலில் இருப்பவை பூவிதழ்களைப் போல் கூடி நிற்கும் வளையங்கள். மீன்பிடிப் பூனைக்கோ ஒலிவச் சாயல் படிந்த சாம்பல் நிறமும், உடலின் நீளவாக்கில் வரிசையாகச் செல்லும் நிறைவான கரும்புள்ளிகளும், கண்களுக்கு இடையிலிருந்து பிடரி வரை ஓடும் ஆறு முதல் எட்டுக் கோடுகளும் உண்டு. வாலை நீக்கி அளந்தால் உடல் பொதுவாக 57 முதல் 78 சென்டிமீட்டர் வரை இருக்கும் என்பதால், உங்கள் 'இரண்டு மடங்கு' என்ற கணக்கும் ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, முன்காலைத் தண்ணீருக்குள் விட்டபடி நின்றது என்று நீங்கள் எழுதிய வாக்கியம்தான். விரல்களுக்கு இடையே ஓரளவு சவ்வு படர்ந்த இந்தப் பூனை, நீர்க்கரையில் காத்திருந்து மீன், தவளை, நண்டு முதலியவற்றைக் காலால் அள்ளிப் பிடிப்பது. வேண்டுமானால் நீந்தியும் போகும். மலையிலிருந்து கெசல்கமுவ ஓயாவை நோக்கி இறங்கும் ஓடைகளும் கான்களும் நிறைந்த உங்கள் ஊரில், பீலித் தண்ணீர் தேங்கும் இடம் அதற்கு நல்ல வேட்டைக்களம்.

அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்திருந்தால் அது இவ்வளவையும் சொல்லியிருக்குமா என்பது எனக்கு ஐயமே. மலைநாட்டில் ஆறு மணி வெளிச்சம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். பனிமூட்டமும் சேர்ந்துவிட்டால் எதிர்ப்பக்கத்துச் சவுக்கு மரமே தெரியாது. கேமராவோடு வருகின்ற சாதாரண லென்ஸை வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் எடுத்தால், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) 3200க்கு உயர்த்தினாலும் 1/30 விநாடிக்கு மேல் வேகம் கிடைப்பது கடினம். அசையும் விலங்கு அந்த வேகத்தில் ஒரு சாம்பல் கறையாகவே பதியும். அந்தக் கறையைப் பார்த்தால் உங்கள் மகன் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பான். ஆகவே நீங்கள் செய்த தவறு கேமராவை அலுமாரியில் வைத்ததல்ல, ஓடியதுதான். இருபது விநாடி உங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற விலங்கு, நீங்கள் அசையாமல் நின்றவரை உங்களை ஆபத்தாக எண்ணவில்லை. திடீரென்று முதுகைத் திருப்பி, கதவைத் தட்டிக்கொண்டு ஓடிய உருவத்தைத்தான் அது ஆபத்தாக எடுத்துக்கொண்டிருக்கும். உள்ளே போகத்தான் வேண்டுமென்றால், முகத்தைத் திருப்பாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்துப் போயிருக்கலாம்.

இதைச் சொல்வதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்றும் கேட்கலாம். நுவரெலியாவில் நான் குடியிருந்த வீட்டின் பின்புறம், பாசி படர்ந்த ஒரு பேரி மரத்தில், மூக்கின் நுனியில் வெண்கொம்பு நீட்டிய ஓணான் ஒன்றை ஒருநாள் கண்டேன். உலகத்திலேயே நம்முடைய மத்திய மலைப்பகுதியில் மட்டும் வாழும் இனம் அது. அவசரம் என்பதையே அறியாத பிராணி. உள்ளே போய்க் கேமராவை எடுத்தால் பேட்டரியில் உயிரில்லை. அரை மணி நேரம் மின்னேற்றிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் தேடியும் அதைக் காணவில்லை. மறுநாள் காலை என் மனைவி, அதே கிளையில், நேற்றைய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அது உட்கார்ந்திருப்பதை விரல் நீட்டிக் காட்டினார். அப்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படம் இன்றுவரை என்னிடம் இல்லை.

படமில்லாததால் ஒரு விலங்கு இல்லாமலாகிவிடாது என்பதற்கு, நீங்கள் மூன்று தடவைகள் போய்வந்த ஹோட்டன் சமவெளியே சாட்சி. அங்கே வாழும் தேவாங்கு வகை, 1937க்குப் பின் நான்கு முறை மட்டுமே கண்ணில் பட்டதாகச் சொல்லப்பட்டு, அழிந்துபோனதாகவும் கருதப்பட்டது. அதன் முதல் ஒளிப்படங்கள் உலகத்துக்குக் கிடைத்தது 2010இல்தான். அதுவரை அந்த விலங்கைத் தாங்கி நின்றவற்றுள் பார்த்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் உண்டு.

எனக்கு உண்மையில் கவலை தருவது லயத்துப் பேச்சுத்தான். இலங்கையில் புலியே இல்லை. ஆனாலும் நாம் சிறுத்தையைப் புலி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சிங்களத்திலோ மீன்பிடிப் பூனையை 'ஹந்துன் திவியா' என்பார்கள். 'திவியா' என்றாலே சிறுத்தைதான். இரு மொழிப் பெயர்களுக்கும் நடுவே இந்த அப்பாவிப் பூனை அகப்பட்டுக்கொள்கிறது. புலிக்குட்டி வந்தது என்றால் தாய்ப்புலியும் பக்கத்தில் இருக்கும் என்ற பயம் வரும். பயம் வந்தால் கம்பி வலை வரும். காட்டுப்பன்றிக்கென்று மரக்கறித் தோட்ட ஓரங்களில் வைக்கும் கம்பிக்கு, கழுத்தை விடுவது எந்த விலங்கு என்று தெரியாது. நல்லதண்ணிப் பகுதியில் 2020 மே மாதம் அப்படியொரு கம்பியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, சிகிச்சை அளித்தும் சில நாள்களில் இறந்துபோனது. எனவே மாமியாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும், வந்தது தவளை தின்னும் பூனை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு இதற்கு உதவும்.

இனிப் படத்துக்கு வருகிறேன். கானில் இரை இருக்கும்வரை அது திரும்ப வர வாய்ப்புண்டு. பெரும்பாலும் இரவில் நடமாடும் விலங்கு என்பதால், ஆறு மணி என்பது அது திரும்பிப் போகும் நேரமாக இருக்கலாம். கானோரச் சேற்றை மாலையில் கையால் தடவிச் சமமாக்கிவிட்டு, காலையில் பாருங்கள். மற்றப் பூனைகளில் பெரும்பாலானவை நகத்தை முழுவதுமாக உள்ளிழுத்துக்கொள்ளும். இதன் நகநுனி சற்றே வெளியே நிற்பதால், தடத்தில் நகக்குறியும் விழக்கூடும். நாள், நேரம், மழையா பனியா என்பதை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அதன் வழக்கம் உங்களுக்குப் பிடிபட்டுவிடலாம். அதன்பிறகு, யாரிடமாவது அசைவை உணர்ந்து தானே படமெடுக்கும் கேமராவை இரவலாக வாங்கிக் கானுக்கு எதிரே ஒரு கட்டையில் கட்டிவிட்டு நீங்கள் தூங்கலாம். கையால்தான் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், விளக்கை அணைத்த குசினி ஜன்னலுக்குள் இருந்து எடுங்கள். ஃபிளாஷும் சத்தமும் வேண்டாம். கருவாட்டுத் தலை, கோழிக் குடல் போட்டு அழைக்கும் யோசனையை மட்டும் எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். அது முதலில் நாய்களையும் அடுத்து உண்மையான சிறுத்தையையும் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கேமராவை அலுமாரியில் துணிகளோடு வைப்பதையும் விட்டுவிடுங்கள். நம்முடைய ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு, பின்கதவுக்குப் பக்கத்துத் தட்டில், பூட்டில்லாமல் வையுங்கள். படம் கிடைத்து அதைப் பிறருக்கு அனுப்பினால், இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

எல்லாம் சொன்ன பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. சிறுத்தைக் குட்டிக்கு வால் நீளம். மீன்பிடிப் பூனையின் வாலோ தடித்து, உடலில் பாதிக்கும் குறைவாக இருக்கும். உங்கள் கடிதத்தில் வாலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கண்ணை மூடி, அந்த இருபது விநாடியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: அது நின்றபோது வால் தரையைத் தொட்டதா, அல்லது பின்காலின் பாதியோடு நின்றுவிட்டதா? மகன் சொல்வதையும் மாமியார் சொல்வதையும் கேட்காமல், உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதி அனுப்புங்கள்.