ஆஞ்சியோவில் 30 சதவீத அடைப்புதான்: அப்பா பழையபடி சாப்பிடலாமா?

கூடாது. 'அடைப்பு கம்மி' என்று கேட்டதும் அப்பா மறுபடி ஊறுகாய், வடை என்று இறங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக் குழாய்களைப் படம்பிடிக்கும் சோதனை, காட்டுவது ரத்தம் ஓடும் வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதைத்தான். குழாய்ச் சுவருக்குள் படிந்த கொழுப்பு அதில் சரியாகத் தெரியாது. சின்ன அடைப்பே வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தும் மாரடைப்பு வரும்.

இப்படிப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவதற்கு, 'பயப்பட ஒன்றுமில்லை' என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தைதான் பெரும்பாலும் காரணம். என் அம்மா அதைக் கேட்டு வந்த அன்று சாயங்காலமே அப்பளம் பொரித்தார்.

ஒன்று செய்து பாருங்கள். புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதி எழுதுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது கணக்கு. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம்; ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் அதற்குள்தான். ஒரு கிலோ பாக்கெட் மாதம் முடியுமுன் தீர்ந்தால் அப்பாவிடமே காட்டுங்கள். திட்ட வேண்டாம், தேதியைப் பார்த்தாலே புரியும்.

அப்புறம், சோடியம் குறைந்த உப்பை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி ரத்த அழுத்த மாத்திரை எடுத்தாலோ அது ரத்தத்தில் கூடிவிடலாம்; டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.