காது கேட்காத என் தம்பி எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டுவதில்லை. என்ன செய்யலாம்?

மார்த்தாண்டம் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஊர் குலசேகரம். பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சலில் எனக்கு இரண்டு காதுகளும் போய்விட்டன. ஒன்பது ஆண்டுகளாக ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன். இரண்டாம் மாதமே அனுப்பிவிட்டார்கள். "கூப்பிட்டால் திரும்புவதில்லை, திமிர்" என்பது காரணம். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டிருக்கிறார்கள். காது கேட்காது என்று தெரிந்துதான் சேர்த்தார்கள். ஆனால் அன்றாட வேலையில் அது எங்கெல்லாம் இடிக்கும் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

இப்போதைய கடையிலும் முதல் மாதம் அப்படித்தான் ஆகியிருக்கும். எடை போடும் பெரியவர் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். நான் அவர் உதட்டைப் பார்த்து எழுதுவேன். உதட்டில் எழுபதும் எண்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்! ஒரு விவசாயிக்குப் பத்து கிலோ குறைத்து எழுதிவிட்டேன். அவருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம். நல்லவேளையாக அவரே கவனித்துக் கேட்டார். அன்று மாலை முதலாளிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: "தராசில் எண் தெரியும் பக்கத்தை என் மேசையைப் பார்த்துத் திருப்பி வைத்தால், நானே பார்த்து எழுதிக்கொள்வேன்." மறுநாள் காலை தராசு திரும்பியிருந்தது. காசு எதுவும் செலவாகவில்லை. அதன் பிறகு எடையில் ஒரு பிழைகூட என் கையால் வரவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். சுவரைப் பார்த்துக் கிடந்த மேசையை வாசலைப் பார்த்துப் போட்டோம். வருகிறவர் முகம் தெரியும். பெரியவர் மேசையை இரண்டு முறை தட்டுவார். அந்த அதிர்வு கைக்குத் தெரிந்ததும் நிமிர்ந்தால், "மக்களே, டீ வந்துவிட்டது" என்று உதடு அசையும். தொலைபேசியை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். அவர் எழுத வேண்டிய பேரேட்டை நான் எழுதுகிறேன். இப்படி வேலையை மாற்றிக்கொண்டது மிக முக்கியம். ஒருவருக்குப் பாரமாக இருக்கிறோம் என்ற பேச்சு அங்கே எழவே இடமில்லை. பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் கைப்பேசிச் செயலியும் வைத்திருக்கிறேன். தகரக் கூரையில் மழை பெய்யும்போது அது உதவாது, எங்கள் ஊர்ப் பேச்சும் அதற்கு அவ்வளவாகப் பிடிபடுவதில்லை.

சட்டம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வேலை செய்வதற்குத் தேவையான நியாயமான மாற்றங்களை அரசு நிறுவனங்கள் செய்து தந்தாக வேண்டும். அரசுப் பணியில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் கேட்கும் திறன் குறைந்தோருக்கும். அதற்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்ற சான்றிதழ் வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளி ஊழியருக்கு என்னென்ன வசதி தருகிறது என்பதைச் சம வாய்ப்புக் கொள்கையாக எழுதி வெளியிட வேண்டும். நேர்காணலில் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பதில் தவறே இல்லை. ஆனால் நம் மாவட்டத்தில் வேலை கிடைப்பது பெரும்பாலும் ஐந்தாறு பேர் இருக்கும் கடையில்தான். அங்கே பிரிவு எண்ணைவிட அந்த ஒற்றைத் தாள்தான் எனக்குக் கைகொடுத்தது.

யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, இல்லையென்றால் நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். காதொலிக் கருவியும் அங்கே கேட்கலாம். கோணம் என்ற இடத்தில் உள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வியை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் அக்கா, தம்பி என்ன சொல்கிறார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கடைசியாக விட்ட வேலையில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் சிக்கல் வந்தது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை இங்கே போடுங்கள். அடுத்த முதலாளியிடம் கொடுக்க வேண்டிய தாளை நானும் அவரும் சேர்ந்து எழுதுகிறோம்.