மௌனப்பட கால ஹாலிவுட்டில் மெக்சிகோவில் பிறந்த பெரிய நாயகன் யாராவது இருந்தாரா? பேசும்படம் வந்தபின் அவர் என்ன ஆனார்?

இருந்தார், ரமோன் நவாரோ. 1925-இல் வந்த 'பென்-ஹர்' படத்தின் நாயகன். நம்மில் பலர் பார்த்தது 1959-இல் வந்த சார்ல்டன் ஹெஸ்டன் படம். இது அதற்கு முந்தைய மௌனப் படம்.

1899-இல் துராங்கோவில் ஒரு பல் மருத்துவரின் மகனாகப் பிறந்தார். மெக்சிகப் புரட்சிக் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வந்து, உணவகத்தில் பாடிக்கொண்டே பரிமாறுவது, தியேட்டரில் இடம் காட்டுவது என்று கிடைத்த வேலையைச் செய்தார். படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். இயக்குநர் ரெக்ஸ் இங்கிராம் 1922-இல் 'த பிரிசனர் ஆஃப் ஜெண்டா'வில் நல்ல வேடம் கொடுத்தார். அப்புறம் ஏறுமுகம்தான். 'பென்-ஹர்' இத்தாலியில் பாதி நடந்துகொண்டிருந்தபோது நாயகனையும் இயக்குநரையும் எம்.ஜி.எம். ஸ்டூடியோ மாற்றியது. அந்த நாயகன் இடத்துக்குப் போனவர் நவாரோ.

அவரை, அப்போதைய பெரிய காதல் நாயகனான வாலண்டினோ மாதிரி இன்னொருவராக விற்கப் பார்த்தார்கள். எனக்கென்னவோ அவருடைய பலம் குறும்பும் கூச்சமும்தான். இயக்குநர் லூபிட்ச் 1927-இல் எடுத்த 'த ஸ்டூடண்ட் பிரின்ஸ் இன் ஓல்ட் ஹைடல்பெர்க்'கைப் பாருங்கள், புரியும்.

மௌனப் படத்தில் யாருடைய உச்சரிப்பும் வெளியே தெரியாது. அதனால் யூத இளவரசர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மன் இளவரசர் எல்லாமே அவரால் முடிந்தது. படம் பேச ஆரம்பித்ததும், நன்றாகப் பாடுவார் என்பதால் முதலில் தப்பித்தார். தன் படம் ஒன்றின் ஸ்பானிய மொழிப் பதிப்பை இயக்கவும் செய்தார். 1931-இல் கிரேட்டா கார்போவுடன் நடித்த 'மாட்டா ஹரி' பெரிய வெற்றி. ஆனால் ஸ்டூடியோவுக்கு அவர் 'எங்கிருந்தோ வந்தவர்' ஆகிவிட்டார். 'சன் ஆஃப் இந்தியா'வில் இந்தியர் (சிரிக்காமல் பார்ப்பது கஷ்டம்), அடுத்து சீனர், அரபுக்காரர், நவஹோ பழங்குடி இளைஞர். 1935-இல் ஒப்பந்தம் முடிந்தது.

1968-இல் கொள்ளையடிக்க வந்த இரு சகோதரர்கள் அவரை வீட்டிலேயே கொன்றார்கள். இணையத்தில் தேடினால் முதலில் வருவது இந்தக் கொலைதான். ஐம்பது வயதில் அவர் நடித்த 'த பிக் ஸ்டீல்' பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1949-இல் வந்த அந்தப் படத்தில் ஒருவழியாக மெக்சிகராகவே வருகிறார்: ஆங்கிலம் பழகிக்கொண்டிருக்கும் ஒரு போலீஸ் அதிகாரி. சின்ன வேடம்தான், ஆனால் படத்தின் நாயகன் ராபர்ட் மிட்சமைவிட எனக்குப் பிடித்தது அவரைத்தான்.