“பிடித்திருக்கிறேன், நீங்கள் போங்கள்”: நாய் வளர்ப்போருக்கும் நாய்க்குப் பயந்தோருக்கும் சில பதில்கள்

வழக்கமாக என்னிடம் உண்ணி, சொறி, குட்டிகளுக்கான சாப்பாடு பற்றித்தான் கேட்பார்கள். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை நாயைக் கண்டால் ஒதுங்குகிறவர்களைப் பற்றியவை. இலங்கை மலையகத்தின் பண்டாரவளையில் நாய் பழக்குவதே எனக்குத் தொழில் என்பதால் நாய்க்காரர்களின் பக்கம் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு ஏமாற்றந்தான்.

கேள்வி (நுவரெலியா): அண்ணா, என் லெப்ரடோர் இதுவரை யாரையும் கடித்ததில்லை. கிரகரி வாவிக்கரையில் நடக்கும்போது எதிரே வருகிறவர்கள் பதறி விலகுகிறார்கள். “ஒன்றும் செய்யாது” என்று நான் சொன்னால் இன்னும் கோபப்படுகிறார்கள். ஏன்?

தம்பி, உங்கள் நாயின் நற்சான்றிதழ் உங்கள் கையில் இருக்கிறது. எதிரே வருகிறவருக்குத் தெரிவது திறந்த வாயும் பல்லும், தன்னை நோக்கி இழுத்துக்கொண்டு வரும் முப்பது கிலோ உடம்பும்தான். கடித்த நாயின் சொந்தக்காரரும் முதல்நாள் வரை “ஒன்றும் செய்யாது” என்றே சொல்லிக்கொண்டிருந்திருப்பார். சிறுவயதில் கடிபட்டவரிடம் அந்த வார்த்தையைச் சொல்வது, அவருடைய பயத்தைப் பொய் என்று சொல்வதாகவே படும். இன்னொன்று: நாய் கடிக்காமல் அன்பாகத் தாவினாலும் வயதான ஒருவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ள அது போதும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆளைக் கண்டதும் வாரை ஒரு சுற்றுச் சுற்றிக் கையை இடுப்போடு வைத்துக்கொள்ளுங்கள். நாய் அவர் பக்கம் இருந்தால் மறுபக்கம் மாற்றி, இருவருக்கும் நடுவே நீங்கள் வாருங்கள். பாதை ஒடுங்கியிருந்தால் ஓரமாக நின்று நாயை உட்கார வையுங்கள். அது எதிரே வருகிறவரை முறைக்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். அதற்குத்தான் சட்டைப்பையில் இரண்டு பிஸ்கட் துண்டு. பிறகு “பிடித்திருக்கிறேன், நீங்கள் போங்கள்” என்று சொல்லுங்கள். நாயின் குணத்தைப் பற்றி அவருக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை.

நுவரெலியாவில் மூடுபனி நாளில் ஐந்தடி தூரத்தில் திடீரென்று நாய் முளைத்தால் நாய்க்குப் பயப்படாதவரும் கத்திவிடுவார். கழுத்துப்பட்டியில் சின்ன மணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். பலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கேள்வி (தலவாக்கலை): ஐயா, அம்மா விடியற்காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) போகும் குறுக்குப் பாதையில் ஒரு வீட்டு நாய் கேற்றைத் தாண்டி வந்து விரட்டுகிறது. ஒரு நாள் வழுக்கி விழுந்தும் விட்டார். கல்லை எடுப்பதுபோல் குனிந்தால் பின்வாங்குகிறது. அது சரியான வழியா?

மகளே, குனிந்தால் நாய் பின்வாங்கும், உண்மைதான். ஆனால் அடுத்த முறை அந்த நாய் மனிதனைக் கண்டவுடனேயே சண்டைக்கு ஆயத்தமாகிவிடும். அதிலும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் குனிகிறவருக்கு நிலைதடுமாறுவதே பெரிய ஆபத்து.

ஓடக்கூடாது. ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் பிறவிக் குணம். நின்றுவிட வேண்டும். நாய்க்கு நேராக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, கண்ணுக்குக் கண் பார்க்காமல், அதன் கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடையையோ மூடிய குடையையோ முன்னால் தாழ்வாகப் பிடிக்கலாம். ஓங்கக் கூடாது. குரைப்பு தணிந்ததும் முதுகைக் காட்டாமல் மெல்ல நகரலாம். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியையும் காதுகளையும் மூடிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இத்தனையையும் அம்மா கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதே அநியாயம். வேலைக்குப் போகிறவருக்கு அந்தப் பாதையை விட்டால் வேறு பாதை கிடையாது. நாய்க்காரருக்குக் கேற்றைச் சாத்தும் வேலை ஒன்றுதான். தனியாகப் போய்க் கேட்காதீர்கள். அதே பாதையில் நடக்கும் நாலைந்து பேர் சேர்ந்து, தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டுக்காரர் உத்தியோகத்தராக இருந்தால் கூச்சம் வரும், தெரியும். அப்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள். முறையீட்டை எழுதிக் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை): நீண்டு சுருங்கும் வார் நல்லதா?

வெற்று மைதானத்தில் நல்லது. வீதியில் வேண்டாம். ஐந்து மீற்றர் தள்ளிப் போய்விட்ட நாயை ஒரு நொடியில் இழுக்க முடியாது. அந்த மெல்லிய கயிறு பிறர் காலையும் அறுக்கும். ஒன்றரை மீற்றர் துணிவார் போதும்.

கேள்வி (மஸ்கெலியா): பகலில் கட்டிவைத்து இரவில் அவிழ்த்து விடுகிறோம். காட்டுப்பன்றிக்கும் திருடனுக்கும் வேறு என்ன செய்வது? இரவில் யார் நடக்கப் போகிறார்கள்?

தேயிலை ஸ்டோரில் (ஆலையில்) இரவு வேலை முடிந்து வருகிறவர் நடப்பார். பிரசவ வலி வந்தவளுக்கு ஓட்டோ தேடி ஓடுகிறவர் நடப்பார். பகல் முழுக்க இரண்டு முழச் சங்கிலியில் கிடந்த நாய்க்கு இரவில் அசைகிற எதுவும் எதிரிதான். கட்டிவைத்தே அதைக் கடிநாயாக்கிவிட்டு, பிறகு அதையே லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீடுகளுக்குள்) திறந்து விடுகிறோம்.

சிறுத்தையையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்துத் தேயிலை மலைகளில் அது நடமாடுகிறது. நாய் அதற்குப் பிடித்த இரை. வெளியே அலையும் நாயும் போகும், இஸ்தோப்பு (திண்ணை) தூணில் கட்டிய நாயும் போகும். இரவில் கதவுள்ள கூட்டில் அடைத்து வையுங்கள். அங்கிருந்து குரைத்தாலும் பன்றி வந்தது தெரியும். பகலில் ஒருமுறையாவது வாரில் பிடித்து நடத்திக்கொண்டு போங்கள். ஊர் மனிதர்களின் வாடை பழகிய நாய் இருட்டில் கண்டபடி பாயாது.

கேள்வி (அக்குறணை): எனக்கு நாய்ப் பயம் இல்லை. வுளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு நாய் வந்து நக்குகிறது. வீட்டுக்காரர் “பாசம்” என்று சிரிக்கிறார்.

அந்த வீட்டுக்காரருக்காக இதைச் சொல்கிறேன். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மரபில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். நீங்கள் பாசம் என்று சிரிக்கும்போது அவர் தொழுகைக்கு நேரமாகி, உடை மாற்றத் திரும்பிப் போகிறார். ஒதுங்குகிறவரெல்லாம் பயத்தால் ஒதுங்குவதில்லை. காரணம் கேட்கும் உரிமையும் நமக்கில்லை. பாங்கு சொல்லும் நேரத்தில் நாயை உள்ளே வைத்துக்கொள்வதில் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

கேள்வி (பதுளை): ஏழு வயது மகன் நாயைக் கண்டால் நடுங்குகிறான். குட்டி ஒன்றை மடியில் போட்டால் பயம் போய்விடும் என்கிறார் மாமா.

மாமாவைத் தடுத்துவிடுங்கள் அம்மா. வலுக்கட்டாயமாகத் தொட வைத்தால் பயம் இரட்டிப்பாகும். உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போகும். தூரத்திலிருந்து தொடங்குங்கள். சாதுவான கிழட்டு நாய் ஒன்று, கட்டப்பட்டு, படுத்திருக்கட்டும். அவன் வீதியின் மறுபக்கம் நின்று பார்க்கட்டும். போதும் என்று அவன் சொன்னதும் திரும்பிவிடுங்கள். எத்தனை அடி நெருங்குவது என்பதை அவன்தான் தீர்மானிக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம். பள்ளிக்கூடத்துக்கே போக மறுக்கும் அளவுக்குப் போனால் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். இது பழக்கமான பிரச்சினை, வெட்கப்பட எதுவுமில்லை.

கேள்வி (கினிகத்தேனை): நாயின் பல் கீறி லேசாக இரத்தம் வந்தது. ஊசி போட்ட நாய் என்று சொந்தக்காரர் சொல்கிறார். வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டுமா?

போகத்தான் வேண்டும். முதலில் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி வெளிப்பட்ட பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. அதற்கு முன் ஊசி போட்டால் தப்பிக்கலாம். அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம். ஊசி தேவையா என்பதை அங்குள்ளவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

சொந்தக்காரருக்கு: தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பயத்தில் நாயைக் கொன்றுவிடவோ தொலைவில் கொண்டுபோய் விடவோ கூடாது. கட்டிவைத்துப் பதினான்கு நாள் கவனிக்க வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போடுவதும் அதைப் பதிவு செய்வதும் உங்கள் பெருந்தன்மையைப் பொறுத்தவை அல்ல. விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் 1893இலேயே வந்தது, நாய்ப் பதிவுச் சட்டம் 1901இல். நூறு வருடத்துக்கு மேலாகியும் “எங்கள் தோட்டத்துக்கு யார் வரப் போகிறார்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி (ஹட்டன்): பஸ் நிலையத்தருகே கட்டாக்காலி நாய்களுக்குத் தினமும் சோறு வைக்கிறேன். பாவம் பார்ப்பது குற்றமா? அவற்றுக்கு நான் பொறுப்பா?

குற்றமில்லை. ஆனால் வயிற்றுக்குப் பொறுப்பேற்றவர் வாய்க்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் கட்சி. பைரவர் வாகனம் என்று கும்பிட்டுச் சோறு வைக்கிறவர்கள், அதே இடத்தில் பத்து நாய்கள் கூடி ஒரு பிள்ளையைச் சூழ்ந்தால் காணாதவர்போல் போய்விடுகிறார்கள். சோறு வைக்கும் இடத்தைக் காக்க நாய்கள் சண்டையிடும். பள்ளிக்கூடப் படிக்கட்டு, பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்), பஸ் நிற்கும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பிள்ளைகள் போகும் நேரத்துக்கு முன்பே வைத்து, மிச்சத்தை அள்ளிவிடுங்கள். சோற்றுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஒதுக்குங்கள். மிருக வைத்திய அலுவலகத்தில் முகாம் எப்போது என்று கேட்டு வையுங்கள்.

கேள்வி (வெலிமடை): ஹோர்ட்டன் சமவெளிக்கு நாயைக் கூட்டிப் போகலாமா?

கூடாது. அது 1988 முதல் தேசியப் பூங்கா; வளர்ப்புப் பிராணிகளுக்கு உள்ளே இடமில்லை. வண்டிக்குள் பூட்டி வைத்துவிட்டும் போகாதீர்கள்.

கேள்வி (கண்டி): பயந்தவர் ஒருவரே முன்வந்து “தொட்டுப் பார்க்கட்டுமா” என்று கேட்டால்?

நாயை உட்கார வைத்து அதன் தலையை உங்கள் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். அவர் தோள்பட்டைப் பக்கமாகத் தொடட்டும். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோக வேண்டாம். இரண்டு மூன்று விநாடியில் கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். நாய் உதட்டை நக்கினாலோ முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அதற்கு இஷ்டமில்லை. அன்றைக்கு வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.