பத்து நாள், இரண்டு பேர், ஏழு ஊர்: இத்தாலிக்கு இது சரிப்படுமா?

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழியும் மே மாதம் பத்து நாள் இத்தாலி போகிறோம். இருவருக்கும் முதல் ஐரோப்பியப் பயணம். ரோம், நேப்பிள்ஸ், ஃபுளோரன்ஸ், பைசா, போலோன்யா, வெனிஸ், மிலான் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். அவளுக்கு மியூசியம் என்றால் உயிர். எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஓவியம் பார்க்க முடியாது; தெருத்தெருவாக நடக்கத்தான் பிடிக்கும். நான் சைவம், முட்டையும் கிடையாது. அவள் எல்லாம் சாப்பிடுவாள். கார் எடுக்கலாமா, ரயிலா? எதையெல்லாம் முன்பதிவு செய்ய வேண்டும்? சண்டை போடாமல் திரும்பி வர வழி உண்டா?

பதில்: முதலில் பட்டியலில் கை வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் அரை நாள் காலி. அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலேறி, புது ஊரில் விடுதியைத் தேடிப் போனால் மதியம் மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும். ஏழு ஊர் என்றால் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது ரயில் நிலையங்களை. நண்பர்கள் சண்டை போடுவதும் பெரும்பாலும் அங்கேதான். பசியோடும் பெட்டியோடும் பிளாட்பாரத்தில் நிற்கும்போது.

ரோமில் நான்கு இரவு, ஃபுளோரன்ஸில் மூன்று, வெனிஸில் இரண்டு. இவ்வளவுதான் என் கணக்கு. ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து கிளம்புகிற மாதிரி விமான டிக்கெட் பாருங்கள். வளைகுடா வழியாகப் போகிறவர்களுக்கு இரண்டு ஊரிலிருந்தும் விமானம் உண்டு. திரும்ப ரோமுக்கு வரும் அரை நாளும் ரயில் காசும் மிச்சம்.

மற்ற நான்கு ஊர்? இங்கேதான் உங்கள் இருவரின் ரசனை வேறுபாடு கைகொடுக்கிறது. ஃபுளோரன்ஸிலிருந்து போலோன்யா அதிவேக ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள். உங்கள் தோழி உஃபிட்ஸி மியூசியத்தில் காலையில் நுழைந்து மனம் போல நிற்கட்டும். நீங்கள் அன்று போலோன்யா போய் வாருங்கள். நடப்பவர்களுக்கென்றே கட்டிய ஊர் அது: நடைபாதைக்கு மேலே வீடுகளைத் தாங்கி நிற்கும் தூண் வளைவுகள், பழைய நகரத்துக்குள் மட்டும் சுமார் 38 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. மழை வந்தாலும் குடை விரிக்காமல் நடக்கலாம், வெயிலும் படாது. இரவு எட்டு மணிக்கு ஃபுளோரன்ஸில் சேர்ந்து சாப்பிடும்போது இருவரிடமும் சொல்ல ஏதாவது இருக்கும். நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிந்தவர்களுக்கு ஐந்தாம் நாள் பேச ஒன்றும் இருக்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது இப்படி அரை நாள் பிரியுங்கள். ஊரிலேயே பேசி முடிவு செய்துவிட்டால், அங்கே போய் ‘என்னை விட்டுட்டுப் போறியா’ என்ற வருத்தம் வராது.

நேப்பிள்ஸ் ரோமிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம்தான். ஆனாலும் விடச் சொல்வேன். மிலானை யோசிக்காமல் விடலாம். டாவின்சியின் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்துக்காக மட்டும் போகிறவர்கள் உண்டு. பதினைந்து நிமிடம்தான் உள்ளே விடுவார்கள், அதற்கும் பல வாரம் முன்பே டிக்கெட் தீர்ந்துவிடும். ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை: வெனிஸ்–மிலான் ரயில் பாதைக்குக் கொஞ்சம் தெற்கே, மாந்துவா மாகாணத்தில், காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்று ஒரு சிற்றூர். நம் வீரமாமுனிவர் 1680இல் பிறந்த ஊர். பரமார்த்த குருவும் சீடர்களும் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வேண்டவே வேண்டாம். பழைய நகரப் பகுதிகளில் வெளி வண்டி நுழையக் கூடாத எல்லைகள் உண்டு. வாசலில் போலீஸ் நிற்காது, கேமரா நிற்கும். நுழைந்ததே தெரியாமல் நுழைந்துவிடுவீர்கள். சில மாதம் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும். வெனிஸுக்குள் காரே போகாது.

ரயிலில் இரண்டு ரகம். ஃபிரெச்சாரோஸா, இத்தாலோ என்ற அதிவேக ரயில்கள் விமான டிக்கெட் மாதிரி: முன்பே எடுத்தால் மலிவு, இருக்கை எண் உண்டு, மலிவு டிக்கெட்டில் நேரத்தை மாற்றுவது கடினம். ரோம்–ஃபுளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம், ஃபுளோரன்ஸ்–வெனிஸ் இரண்டு மணிக்குக் கொஞ்சம் மேல். இந்த இரண்டையும் தேதி முடிவானதுமே எடுத்துவிடுங்கள். ‘ரெஜியோனாலே’ என்ற உள்ளூர் ரயில்களுக்கு முன்பே எடுத்தாலும் அன்றே எடுத்தாலும் ஒரே கட்டணம், இருக்கை எண் கிடையாது. ஆனால் காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். நானும் நண்பனும் முதல் முறை போனபோது, அவன் குத்தியிருப்பான் என்று நானும், நான் குத்தியிருப்பேன் என்று அவனும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆலிவ் தோப்பு பார்த்துக்கொண்டு வந்தோம். பரிசோதகர் இருவருக்கும் அபராதம் எழுதினார். அன்று ராத்திரிச் சாப்பாடு ரொட்டியும் தக்காளியும். போனில் எடுத்த டிக்கெட்டுக்கும் ஏறும் முன் ‘செக்-இன்’ என்பதை அழுத்த வேண்டும்.

நிலையப் பலகைகளில் ஃபுளோரன்ஸ் என்று இருக்காது, ‘ஃபிரென்ஸே’ என்றிருக்கும். இறங்க வேண்டியது சாந்தா மரியா நொவெல்லா. வெனிஸுக்கு ‘வெனெத்ஸியா’. அதிலும் மெஸ்த்ரே என்றால் நிலப்பகுதி. சாந்தா லூச்சியா வரை உட்கார்ந்திருங்கள். வெளியே வந்தால் படிக்கட்டுக்குக் கீழேயே பெரிய கால்வாய்.

‘ஷோப்பெரோ’ என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள்: வேலை நிறுத்தம். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வார நாள் என்றால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய உள்ளூர் ரயில்கள் ஓடும்.

முன்பதிவுக்கு வருவோம். ரோமில் கொலோசியமும் வத்திக்கான் மியூசியமும், ஃபுளோரன்ஸில் உஃபிட்ஸியும், மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதெமியாவும். இவை போதும். ஃபுளோரன்ஸ் தேவாலயக் கவிகைமாடத்தின் 463 படி ஏற ஆசை என்றால் அதற்கும் நேரம் குறித்து டிக்கெட் எடுக்க வேண்டும். லிஃப்ட் கிடையாது. உஃபிட்ஸிக்கும் அக்காதெமியாவுக்கும் திங்கள் விடுமுறை. வத்திக்கான் மியூசியம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். நாள்காட்டியில் முதலில் இதைக் குறித்துக்கொண்டு அப்புறம் ஊர் மாறும் தேதியைப் போடுங்கள். முதல் ஞாயிறு அரசு மியூசியங்கள் இலவசம் என்று யாராவது சொல்வார்கள். கூட்டத்தை நினைத்தால் காசு கொடுப்பதே மேல்.

கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். நம்மவர்களுக்கு இங்கே இனிஷியல் தொல்லை. ‘கே. மாலதி’ என்று பழக்கத்தில் அடித்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படி விரித்து எழுதியிருக்கிறதோ அப்படியே போடுங்கள். விடுதி முன்பதிவிலும் இரண்டு பேர் பெயரும் முழுதாக இருக்கட்டும். விசாவுக்குத் தனித்தனியாகத்தான் விண்ணப்பிப்பீர்கள், ஒருத்தி பெயர் மட்டும் இருந்தால் மற்றவள் எங்கே தங்குவாள் என்ற கேள்வி வரும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

விடுதியில் ‘மத்ரிமோனியாலே’ என்றால் ஒரே பெரிய கட்டில். இரண்டு தனிக் கட்டில் வேண்டுமென்றால் ‘தூவே லெத்தி’ என்று கேட்டு, எழுத்தில் உறுதி வாங்குங்கள். லிஃப்ட் உண்டா என்றும் கேளுங்கள். பழைய கட்டடங்களில் மூன்றாம் மாடி என்பது மூச்சு வாங்கும் விஷயம். அறை வாடகை போக, தலைக்கு இத்தனை என்று இரவுக்கணக்கில் நகர வரியும் கேட்பார்கள். ஏமாற்று இல்லை.

வெனிஸில் தங்காமல் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் சீசன் நாள்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குகிற உங்களுக்கு அது இல்லை. மாலையில் அந்தக் கூட்டம் வடிந்த பிறகுதான் ஊர் ஊராக இருக்கும். நானூறுக்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவை படிக்கட்டு வைத்தவை. ஆகவே ஆளுக்கொரு சின்னப் பெட்டி போதும். கொண்டோலா பகலில் அரை மணிக்கு 90 யூரோ, ஆளுக்கல்ல, படகுக்கு. அது அதிகம் என்றால் ‘த்ரகெத்தோ’வில் ஏறுங்கள். பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க உதவும் அதே மாதிரிப் படகு, சில்லறைக் காசுதான்.

சாப்பாடு. பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஓரிரு யூரோ இருந்தால் பதறாதீர்கள், மேஜைக்கான கட்டணம். காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. ‘லத்தே’ என்று கேட்டால் வெறும் பால் வரும். ‘கஃபே லத்தே’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். டிகிரி காபியை மறந்துவிடுங்கள். சைவத்துக்கு ரோமில் கச்சோ எ பெப்பே இருக்கிறது, பாஸ்தாவில் சீஸும் மிளகும்தான். கார்போனாரா என்ற பாஸ்தாவில் பன்றியும் முட்டையும் உண்டு. போலோன்யாவில் ஜாக்கிரதை: அங்கே கையால் செய்யும் பாஸ்தா எல்லாம் முட்டை மாவு, தொர்த்தெல்லினி என்ற பாஸ்தாவுக்குள் பன்றியிறைச்சி. அந்த நாளுக்கு மரினாரா பீட்சா சரியாக இருக்கும். தக்காளி, பூண்டு, எண்ணெய், சீஸ் கூட இல்லை. சீஸைச் சொல்வதற்குக் காரணம், பார்மிஜானோ என்ற சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைமருந்து சேரும். இது உறுத்துமா இல்லையா என்பது உங்கள் முடிவு.

பணத்துக்கு ஒரு பொதுப் பர்ஸ் வையுங்கள். ஆளுக்கு ஐம்பது யூரோ போட்டு, பேருந்து, காபி, தண்ணீர் எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி ஆளுக்கு ஐம்பது. இரவுச் சாப்பாடு மட்டும் தனித்தனி. அவள் மாட்டிறைச்சி வறுவலுக்கு நீங்கள் பாதி கொடுத்துக்கொண்டிருந்தால் நான்காம் நாள் மனதில் கணக்கு ஓட ஆரம்பிக்கும்.

பைசாவை மறக்கவில்லை. ஃபுளோரன்ஸிலிருந்து ரெஜியோனாலேயில் ஒரு மணி நேரம், முன்பதிவு வேண்டாம். ஃபுளோரன்ஸில் மூன்றாம் நாள் காலையில் எழுந்து மனமிருந்தால் போங்கள். டிக்கெட்டில் யார் முத்திரை குத்துவது என்பதை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.