பொட்டலத்துக்குள் எந்தக் கொடி?

கேள்வி: எனக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். பலதுறை மருந்தகத்தில் தரும் மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருகிறேன். போன வாரம் இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் சீந்தில் பொடி 100 கிராம் வாங்கினேன். எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) அதைப் பார்த்துவிட்டு, "இது எங்கள் பத்தாவாலிதான், என் பூந்தொட்டியிலேயே இருக்கிறதே, காசு கொடுத்தா வாங்கினாய்?" என்று ஒரு முழக் கொடியை வெட்டித் தந்துவிட்டார். இரண்டும் ஒன்றா? எதைச் சாப்பிடலாம்?
– ஈசூன் வாசகி

பதில்: ஒன்றல்ல. ஒரே குடும்பம், அக்கா தங்கை மாதிரி. சித்த மருத்துவர்கள் சீந்தில், அமிர்தவல்லி என்பதும் வட இந்தியர்கள் கிலோய் என்பதும் டினோஸ்போரா கார்டிஃபோலியா. மக்சிக் வளர்ப்பது டினோஸ்போரா கிரிஸ்பா. இரண்டுக்கும் இலை வெற்றிலை மாதிரிதான் இருக்கும், அதனால் இலையைப் பார்த்துப் பயனில்லை. தண்டைத் தடவிப் பாருங்கள். பத்தாவாலித் தண்டு பாகற்காய்த் தோல்போல முண்டும் முடிச்சுமாக இருக்கும். சீந்தில் தண்டு அத்தனை கரடாக இராது. மேலே காகிதம் போன்ற தோல் உரியும், நகத்தால் கீறினால் அடியில் பச்சை தெரியும். இரண்டும் லேசில் சாகாது. என் சமையலறை மேசையில் போட்டு மறந்த ஒரு துண்டு, மண்ணும் தண்ணீரும் இல்லாமலே தளிர்விட்டு நின்றது. அமிர்தவல்லி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

உங்கள் பிரச்சினை அந்த முழக் கொடியில் இல்லை, பொட்டலத்தில் இருக்கிறது. காய்ந்து பொடியான பிறகு எது அக்கா, எது தங்கை என்று கண்ணால் சொல்ல முடியாது. கடைக்காரரும் மூட்டையில் வந்ததைத்தான் பொட்டலம் கட்டுகிறார். அவரைக் கேட்டால் "நல்ல சரக்கு" என்பார், அவ்வளவுதான்.

காய்ச்சல், சர்க்கரை, மூட்டுவலி என்று சீந்திலை நம் ஆட்கள் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். வைத்தியர் நாடி பார்த்து, அளவு சொல்லி, சில நாளில் நிறுத்தச் சொல்லிக் கொடுத்த மருந்து அது. கோவிட் காலத்தில் கதை மாறியது. நோய் எதிர்ப்புச் சக்தி என்ற பெயரில் தினமும், மாதக்கணக்கில், அவரவர் கை அளவுக்குக் குடிக்க ஆரம்பித்தார்கள். 2021இல் மும்பை மருத்துவர்கள், இந்தக் கொடியைச் சாப்பிட்டபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். 2022இல் இந்தியாவின் 13 மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. பாரம்பரிய மருத்துவத்தைக் கவனிக்கும் இந்திய ஆயுஷ் அமைச்சோ, சரியான சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலவே இருக்கும் கிரிஸ்பாவில்தான் ஆபத்து இருக்கலாம் என்றது. அந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். கையில் இருப்பது எது என்றே தெரியாத உங்களுக்கு இரண்டு பேச்சும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

மக்சிக்கின் கொடிக்கும் ஒரு கதை உண்டு. தாய்லாந்தில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கிரிஸ்பா பொடியை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பேருக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் ஏறின, நிறுத்தியதும் இறங்கின.

அதனால் இப்போதைக்கு இரண்டையும் தொட வேண்டாம். மெட்ஃபார்மினை ஒரு வேளைகூட விடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பொட்டலத்தையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "ஏதோ நாட்டு மருந்து" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறதா, கண் மஞ்சளாகிறதா, பசி விட்டுப்போகிறதா, உடம்பு அரிக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூப்பஸ் போன்ற நோய் உள்ளவர்களும், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களும், கர்ப்பிணிகளும் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அப்புறம் ஒன்று: கபசுரக் குடிநீரிலும் சீந்தில் உண்டு. அதையும் குடித்து இதையும் சாப்பிட்டால் இரட்டை அளவு.

மக்சிக்கிடம் முகம் சுளிக்காமல் நன்றி சொல்லிவிடுங்கள். கொடியைத் தொட்டியில் நட்டால் அழகாகப் படரும்.

கேள்வி: சீந்தில் சர்க்கரை என்று ஒன்று விற்கிறார்கள். சர்க்கரை நோய்க்காரர் சர்க்கரை சாப்பிடலாமா?
– பிடோக் வாசகர்

பதில்: பெயர்தான் சர்க்கரை. பச்சைத் தண்டை நசுக்கித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை இறுத்து, அடியில் படியும் வெள்ளை மாவைப் பலமுறை கழுவிக் காயவைத்தது. இனிக்காது. முறையாகச் செய்தால் ஒரு கூடைக் கொடிக்குக் கொஞ்சம்தான் தேறும், அதனால் மலிவாகக் கிடைத்தால் உள்ளே வேறு மாவு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். எச்சரிக்கையெல்லாம் மேலே சொன்னதுதான்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் பார்த்து 68 வெள்ளிக்கு இரண்டு போத்தல் சீந்தில் மாத்திரை வாங்கினேன். "30 நாளில் சர்க்கரை போய்விடும், ஆங்கில மருந்து தேவையில்லை, அரசாங்க அங்கீகாரம் பெற்றது" என்று விளம்பரம். போத்தலில் தயாரிப்பாளர் பெயரோ காலாவதித் தேதியோ இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் பதிலே வருவதில்லை.
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: அங்கீகாரக் கதை பொய். இந்தியப் பாரம்பரிய மருந்துகளை இங்கே விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையம் ஒவ்வொன்றாகச் சோதித்து அனுமதி தருவதில்லை. பாதுகாப்புக்கு விற்பவர்தான் பொறுப்பு. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று இப்படி விளம்பரம் செய்வதே இங்கே சட்டப்படி தவறு.

மாத்திரை உண்மையிலேயே சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால் இன்னும் கவலைப்படுங்கள். 2008இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நால்வர் இறந்தார்கள். பலர் வாங்கிச் சாப்பிட்ட ஆண்மை மாத்திரைகளில் கிளைபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்தை யாருக்கும் சொல்லாமல் கலந்திருந்தார்கள்.

மீதி மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். போத்தல், பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, மருந்தைப் பற்றி ஆணையத்துக்கு எழுதுங்கள். பணத்துக்கு, விற்றது கடை என்றால் பயனீட்டாளர் சங்கம். தனி ஆள் என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 68 வெள்ளிக்கு மன்றமா என்று யோசிப்பீர்கள். கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும். குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பூங்கா வேலியில் சீந்தில் மாதிரி ஒரு கொடி படர்ந்திருக்கிறது. பறிக்கலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: வேண்டாம். பூங்காவில் செடி பறித்தால் அபராதம் உண்டு. "மாதிரி" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.